ஏறியாச்சு, இறங்கியாச்சு

எங்கள் பிள்ளைகள் போகும் பள்ளி வேனில் ஒரு அக்கா வருவார். டார்ச் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். வேனுக்கு வருவதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் இருந்தவர். படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை. தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டியபோது வேலை போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் பெரிய குரல். வேன் தெருமுனையில் திரும்பும்போதே என் வீட்டுக்குள் கேட்கும்.

"கொசு! இன்னும் என்ன பண்ற? ஷூவுக்குள்ள காலை விட்டுட்டியா, இல்ல நான் வந்து விடணுமா?"

கொசு என் மகள். பதினொரு வயது. ஆள் சின்னது, ஆனால் காதருகே நொய் நொய்யென்று பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் அக்கா வைத்த பேர். வேனில் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பேர் உண்டு. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும் பையன் வக்கீல். இரட்டையர் இருவருக்கு ஒரிஜினல், ஜெராக்ஸ். யார் ஜெராக்ஸ் என்பதில் அவர்களுக்குள் தினமும் சண்டை நடக்கும்.

அக்காவின் வேலை முறை ஒரு நாளும் மாறாது. பிள்ளை படியில் கால் வைத்ததும் தலையில் ஒரு தட்டு. "திரும்பு. சிரி." ஒரு படம். அடுத்த நிமிஷம் பெற்றோர் குரூப்பில் அந்தப் படம் வந்து விழும். கீழே, "கொசு ஏறியாச்சு, 7.52." சாயங்காலம் அதே மாதிரி, "கொசு இறங்கியாச்சு, 4.35." பதினேழு பிள்ளைகளுக்கும் இப்படித்தான்.

இதற்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் டயர் பஞ்சரானபோது, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அவரே எனக்குச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சின்னக் குழந்தை கடைசி சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டது. அக்கா எண்ணித்தான் இறக்கியிருக்கிறார். ஓடிக்கொண்டே இருந்த ஒரு பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிட்டார். வேனை ஷெட்டில் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவை எடுக்க டிரைவர் திரும்பி வந்ததால் குழந்தை பிழைத்தது.

"அதுலேர்ந்து என் எண்ணிக்கையை நானே நம்பறதில்லம்மா. படம் பொய் சொல்லாது பாரு" என்றார்.

வேன் முதலாளிக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. வேனில் படிக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார். போனைக் காட்டினால் குரூப்பில் சேர்ந்துவிடலாம். "உங்கள் குழந்தை எங்கே? உடனே தெரிந்துகொள்ளுங்கள்" என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது.

எனக்கு அந்தப் படங்கள்தான் மூச்சு. நான் ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு, கறை, தையல் விட்டுப்போன இடம் இருந்தால் கண்டுபிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பத்தே காலுக்கு டீ இடைவேளை. படத்தைத் திறந்து, மகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். குரூப்பில் எதுவும் எழுதுவதில்லை. எப்போதாவது ஒரு கைகூப்பும் படம் போடுவேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் பள்ளிவிட்டு வந்து, நான் வரும்வரை இரண்டு மணி நேரம் தனியாக இருப்பாள். அதற்காகத்தான் அவருடைய பழைய போனை அவளுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். கட்டம் கட்டமாக அடுக்கி வீடு கட்டுவது. பார்த்தால் சாதுவாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தாள். சார்ஜில் போடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். விளையாட்டுக்குள் ஒரு வரி வந்து விழுந்தது.

"இன்னைக்கு ரெட்டை ஜடை சூப்பர்."

அனுப்பியவர் பேர் பனிப்புலி என்று இருந்தது. விரலால் மேலே தள்ளினேன். பன்னிரண்டு நாள் பேச்சு இருந்தது. "புது பை அழகா இருக்கு." "வேன் இன்னைக்குப் பத்து நிமிஷம் லேட்டா?" இவள் கேட்டிருக்கிறாள்: "நீ எப்படிப் பாத்த?" அதற்குப் பதில்: "நான் உன் பக்கத்துலதான் இருக்கேன்." அதற்குக் கீழே: "நீ மட்டும் தனியா ரூம்ல இருக்கற மாதிரி ஒரு படம் அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாத. அவங்களுக்குப் புரியாது."

போனை இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே திரும்ப வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடிக்குப் போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"போனைப் பிடுங்கி உடைச்சுப் போடு. மிச்சத்தை நான் வந்து பேசிக்கறேன்" என்றார்.

உடைக்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் பக்கத்திலேயேதான் இருப்பான். காலை 7.52க்கு இவள் தெருவில் நிற்பாள். போன் உடைந்ததும் அவன் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ளும் வழியும் போய்விடும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் நிழல் மாதிரி கூடவே திரிந்தேன். கதவைத் தாழ் போட்டேன், திரும்பப் போய்ப் போட்டேனா என்று பார்த்தேன். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கிக்கொண்டு வேன் வரும் இடத்தில் நின்றேன். கார் கழுவுகிறவர், நாயைக் கூட்டிப் போகிறவர், எதிர் மாடியில் பல் தேய்க்கிறவர் எல்லோரையும் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசும் ஒருவரை அவர் போகும்வரை பார்த்தேன். வேன் டிரைவரைக்கூட விடவில்லை. அவர் முன்னால் ஸ்டாண்டில் ஒரு போன் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் நான் முறைப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, என் மூஞ்சில கரி ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டார்.

அக்கா உடனே, "புதுசா ஒட்டணும்னு என்ன இருக்குண்ணே?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் மகளுக்குத் தலை வாரும்போது கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் இரண்டு பேராலும் பேசியிருக்க முடியாது.

"பனிப்புலி யாருடி?"

என் கைக்குள் இருந்த தலை அப்படியே நின்றது.

"போனை வாங்கிடுவியா?"

"வாங்க மாட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

"சொல்லிட்டேன்."

"ஐயோ!" என்றாள். "அது ஒரு அக்காம்மா. பன்னெண்டு வயசுன்னு சொன்னா."

"பாத்திருக்கியா?"

"புலி படம்தான் இருக்கும்."

"படம் ஏதாவது அனுப்புனியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. அனுப்பலன்னா நீ என் ஃப்ரெண்டே இல்லன்னு சொல்லுச்சு. எனக்கு பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குப் புரியாதுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"புரியலதான். நீயே சொல்லிக் குடு."

சீப்பைக் கீழே வைத்தேன். அவள் திரும்பி உட்கார்ந்து போனைத் திறந்தாள். இது என் வீடு, இங்கே பேசலாம், இங்கே தொட்டால் என்னைப் பற்றி வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஓர் ஓரத்தில் வட்டமாக அவள் படம் இருந்தது. தொட்டதும் பெரிதாக விரிந்தது. அக்கா எடுத்த படம். வேன் படியில் ஒரு காலை வைத்து, ரெட்டை ஜடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என் போனில் இருந்த குரூப்பிலிருந்து எடுத்து அவளே வைத்திருக்கிறாள்.

சட்டையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். காலர், தோள், பாக்கெட், ஓரம். தோளுக்குப் பக்கத்தில், வேன் சுவரில், அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் முழுசாகத் தெரிந்தது.

என் போனை எடுத்து அந்தப் படத்துக்கு நேராகப் பிடித்தேன். பெற்றோர் குரூப் திறந்தது.

அவன் எங்கள் தெருவுக்கு வரவே தேவையில்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நான் டீ நேரத்துக்குக் காத்திருந்து பார்க்கும் அதே படத்தை, எனக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நேரம் போட்டு, பேர் போட்டு, பதினேழு பிள்ளைகளையும்.

குரூப்பில் எத்தனை பேர் என்று பார்த்தேன். முப்பத்து நான்கு. எங்கள் வேனில் வருவது பதினான்கு வீட்டுப் பிள்ளைகள். எல்லா வீட்டிலும் அம்மா அப்பா இரண்டு பேருமே சேர்ந்திருந்தாலும் இருபத்தெட்டு. அக்கா, டிரைவர், முதலாளி சேர்த்து முப்பத்தொன்று. யாரையோ விட்டுவிட்டேன் என்று நான்கு தடவை கூட்டினேன். விட்டது யாருமில்லை.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அக்கா ஷெட்டில் வேனைப் பெருக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நம்ம குரூப்ல எத்தனை பேர்?"

"எத்தனை பேர்னா? எல்லாரும்தான்."

"முப்பத்தி நாலு பேர் இருக்காங்கக்கா."

"இருக்கட்டுமே. நீ என்ன எலெக்ஷன்ல நிக்கப் போறியா?"

பனிப்புலியின் பேச்சைத் திறந்து மகளின் போனை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். படிக்கப் படிக்கத் துடைப்பம் கையிலிருந்து நழுவியது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் பிள்ளைங்கள நானே காட்டிக் குடுத்தேன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"பின்ன எப்படிச் சொல்ற? நாலு வருஷம்! ஒருத்தி ஒரு நாள் சிரிக்காம நின்னாகூட என்னடி ஆச்சுன்னு கேட்டு எடுத்த படம். அதைப் போயி..." குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கத்தி முடித்ததும் அவரே குரூப்பைத் திறந்து எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே முகமில்லை, பேருமில்லை. மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த எண்.

"யாரோ ஒரு அப்பா சேர்ந்திருக்காருன்னு நெனச்சேன்" என்றார். "இவனுக்கு நான் 'வாங்க சார்'னு போட்டிருக்கேன்ம்மா."

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கும் ஒவ்வொரு வீட்டிலும் போனைக் காட்டி, "இது யார் நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். கூடுதலாக இருந்த மூன்றில் ஒன்று யாருடைய சித்தப்பாவோ. இன்னொன்று பழைய டிரைவர். அந்த மூன்றாவது எண் யாருக்கும் தெரியவில்லை. பழைய டிரைவரையும் அந்த எண்ணையும் நீக்கினார். சேரும் வழியை மாற்றினார். ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி, பிளேடுக்கு வராததை நகத்தால் சுரண்டினார்.

நீக்குவதற்கு முன் நான் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். கெட்டுப்போன சட்டையை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. அம்பு ஒட்டித் தனியாக வைப்போம். அந்தப் பழக்கம்தான். விளையாட்டில் பனிப்புலியை மகளும் நானும் சேர்ந்தே தடுத்தோம். அவளுடைய படத்தை எடுத்துவிட்டு ஒரு பூசணிக்காய்ப் படத்தை வைத்தாள்.

"போலீஸ்ல சொல்லிடலாமாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்னை அனுப்பிடுவாரு. இந்த வயசுல வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? அவன்தான் போயிட்டானே. கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். அவருக்காக மட்டும் பொறுத்தேன் என்று சொன்னால் பொய். ஸ்டேஷனுக்குப் போய் யாரிடமும் பேச வேண்டாம் என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. மற்றப் பெற்றோரிடமும் நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகளின் படமும் அவனிடம் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து படம் நின்றது. "கொசு ஏறியாச்சு" என்று எழுத்து மட்டும் எனக்குத் தனியாக வரும். பத்தே காலுக்கு அதைப் பார்த்துவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு வருவேன். "போட்டோ ஏன் வரல?" என்று குரூப்பில் ஆளாளுக்குக் கேட்டார்கள். கேமரா ரிப்பேர் என்றார் அக்கா. அவர் நிலைமை என்னைவிட மோசம். பிள்ளைகளை இறக்கிய பிறகு வேனுக்குள் நான்கு தடவை குனிந்து சீட்டுக்கு அடியில் பார்க்கிறாராம். டிரைவர் என்னிடமே கேட்டார், "அக்கா தங்கத் தோடு ஏதாவது தொலைச்சுட்டாங்களாம்மா? தினம் தரையிலேயே கிடக்கறாங்க."

ஆறாம் நாள், சாயங்காலம் நாலே முக்காலுக்கு, சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து போன் வந்திருப்பதாகச் சொன்னார். அவர் மேஜைவரை எப்படி நடந்தேன் என்று தெரியாது.

"பதறாதம்மா. பிள்ளை என் பக்கத்துலதான் இருக்கா" என்றார் அக்கா. "போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கோம். நீ கிளம்பி வா."

சூப்பர்வைசரிடம் எப்போதும் தலையாட்டித்தான் பழக்கம். அன்று, "நான் போகணும் சார்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, நான்கு மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். வேனில் வரும்போது மகள், பையில் அணைத்து வைத்திருந்த போனை ஆன் செய்திருக்கிறாள். விளையாட்டில் மழைத்துளி என்று ஒரு புதுப் பேர். முந்தின நாள் அவளே நட்பில் சேர்த்துக்கொண்டவள். பனிப்புலியைத் தடுத்தபோது, புதியவர்கள் வரும் வழியைத் தனியாக அடைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு கதவைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து போட்டிருந்தோம். மழைத்துளி கேட்டிருந்தது: "இப்பல்லாம் ஏன் ஏறியாச்சு படம் வரதில்ல?"

மகள் ஓடும் வேனில் எழுந்து அக்காவிடம் வந்திருக்கிறாள். "ஆன்ட்டி, அது திரும்ப வந்திருக்கு."

அக்கா அதைப் படித்துவிட்டு டிரைவரிடம், "ஸ்டேஷனுக்குத் திருப்புண்ணே" என்றாராம். வேனில் மிச்சம் இருந்தது வக்கீலும் இரட்டையரும்தான்.

நான் போனபோது வேன் ஸ்டேஷன் வாசலில் நின்றது. உள்ளே ஒரு பெண் அதிகாரி முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள், அதுவரை அழவில்லையாம். அக்கா உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"வேன்ல மூணு பேர் இருக்காங்க மேடம். டிரைவர் இருக்காரு, இருந்தாலும்..."

அதிகாரி என்னிடம் திரும்பி, "பழசு எதையும் அழிச்சிடலையே?" என்றார். என் போனிலிருந்த ஸ்கிரீன்ஷாட்களைக் காட்டினேன். தேதி வாரியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இவ்வளவு எடுத்து வெச்சிருக்கீங்க. ஒரு வாரமா ஏன் வரல?"

"பயம் மேடம்..." என்று ஆரம்பித்தேன். அக்காவைப் பார்க்காமல் இருக்க மேஜையைப் பார்த்தேன்.

"அவளை ஏன் கேக்கறீங்க? வரவேணாம்னு தடுத்தது நான்" என்றார் அக்கா. "படம் எடுத்தது நான். நேரம் போட்டு குரூப்ல போட்டது நான். அந்த ஆளை வாங்க சார்னு கூப்பிட்டதும் நான். என் பேரை முதல்ல எழுதுங்க."

அதிகாரி எழுதினார். ஆள் எந்த ஊரோ, எந்த நாடோ, கண்டுபிடிக்க நாளாகலாம் என்றார். பதில் எதுவும் அனுப்பக் கூடாது, மகளின் போன் இங்கேயே இருக்கட்டும் என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மூணு மாடி வீடு கட்டி வெச்சிருக்கேன், அது அழிஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

"அழியாதும்மா" என்ற அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "மத்த பெத்தவங்களுக்கு இன்னைக்கே தெரியணும். நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லணுமா?"

அதற்குள் அக்காவின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வேன் வரவில்லையே என்று மிச்சமிருந்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். அவர் வாசலுக்குப் போனார். நானும் மகளைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். குரூப்பைத் திறந்து, போனை வாயருகே பிடித்து, குரல் பதிவை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவைதான் பேச்சு வந்தது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"வேன் லேட். பிள்ளைங்க மூணு பேரும் நல்லா இருக்காங்க. கேமரா ரிப்பேர்னு நான் சொன்னது பொய். நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். முழுசா சொல்றேன், கடைசி வரைக்கும் கேளுங்க. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டிக்கர், அந்த எண், படங்கள். "யார் பிள்ளைன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க பிள்ளையா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவங்க பக்கத்துல உக்காந்து, யார்கிட்டல்லாம் பேசறன்னு கேளுங்க. போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா அடுத்த தடவை யாரும் எந்திரிச்சு வந்து சொல்ல மாட்டாங்க."

விரலை எடுத்ததும் பதிவு போய்விட்டது. அப்புறம் போன் அடித்தது. திரையில் முதலாளியின் பேர். அக்கா எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது.

வக்கீல் வேன் ஜன்னலில் தலையை நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, அப்ப நாளைக்கு நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

"தலையை உள்ள இழுடா" என்றார் அக்கா. "முதல்ல இன்னைக்கு வீடு போய்ச் சேருவோம்."

அடித்துக்கொண்டே இருந்த போனோடு அவர் படியேறினார். மகள் என் கையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். நானும் ஏறினேன்.